ஆறாவது குழியின் திங்கட்கிழமைகள்

ஆனைக்கோம்பையில் ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இல்லை. பஸ் நிலையம் இருந்தது, அதற்குள் வந்து நிற்கிற பஸ் இல்லை. தெருவுக்குத் தெரு குழாய் இருந்தது, தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தது. ஆனால் தேயிலைத் துரைகள் நூறு வருடத்துக்கு முன்னால் மலைச்சரிவில் அமைத்துவிட்டுப் போன கோல்ஃப் மைதானமும், அதில் அறுபது ஏக்கர் புல்லும், அந்தப் புல்லுக்குத் தினமும் இரண்டு வேளைத் தண்ணீரும், புல்லுக்கு நடுவே கொடி நட்ட ஒன்பது குழிகளும் இருந்தன. வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து, முதல் குழியில் தொடங்கி ஒன்பதாவது குழிவரை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், அதுதான் ஆட்டம். அதை ஆடுவதற்கு நாற்பது உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பையைத் தூக்குவதற்கும், பந்தைத் தேடுவதற்கும், புல்லை வெட்டுவதற்கும், கோழி வறுப்பதற்கும் ஊரில் மிச்சம் எல்லாரும் இருந்தோம். நான் கிளப் ஆபீசில் டைப் அடித்தேன்.

மைதானத்துக்கு நூறு வயது நிறைந்த வருடம் சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் வந்து இரண்டு நாள் தங்கிக் கோழி தின்றுவிட்டுப் போய், இது வெறும் மைதானம் இல்லை, பாரம்பரியம் என்று எழுதினார். அன்றிலிருந்து செக்ரட்டரி ரங்கமன்னாருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் வனத்துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டைப் பாதுகாத்த அனுபவத்தில், எதைப் பாதுகாக்க வேண்டுமானாலும் முதலில் அங்கிருக்கும் ஆட்களைக் கிளப்ப வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். கேட்டில் புதுப் பலகை எழுதி மாட்டினார்: 'இது உங்கள் பாரம்பரியம். உள்ளே வராதீர்கள்.' நூறு வருடமாக எங்களை உள்ளே விடாத இடம் எங்களுடையது என்று அந்தப் பலகையைப் படித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பாரம்பரியத் துறைக்குப் போக வேண்டிய விண்ணப்பத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒன்பது குழிகளும் தொடங்கிய நாள்முதல் ஒரு விரற்கடை கூட இடம் மாறாதவை என்று சொன்ன இடத்தில் என் விரல் தானாக நின்றது, ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே, மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற ஞானசெல்வி அப்போதுதான் நான்காவது குழியை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

கோல்ஃப் குழி ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. எல்லாரும் வந்து மிதித்துக் குனிந்து பந்தெடுக்கிற இடம் என்பதால் வாரத்தில் அதன் வாய் தேய்ந்து, சுற்றியுள்ள புல் செத்துவிடும். அதனால் திங்கட்கிழமை தோறும் காலையில், ஓரம் கூராக்கிய ஓர் இரும்புக் குழாயைப் பத்தடி தள்ளி மண்ணில் திருகி இறக்கி, புல்லோடு ஒரு சாண் மண்ணை உருளையாக எடுத்து, அதைப் பழைய குழியில் இட்டு மிதித்துத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். பழைய குழி இருந்த தடம் மூன்று நாளில் மறையும், புதுக்குழி பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல உட்கார்ந்திருக்கும். இதைச் செல்வியின் அப்பா முப்பது வருடமும், அவர் செத்த பிறகு செல்வி இருபத்தாறு வருடமும் செய்திருந்தார்கள். ஒன்பது குழிகளும் நூறு வருடத்தில் நடந்த தூரத்தைக் கூட்டினால் காசிக்குக் கிளம்பி எண்பது மைல் தாண்டியிருக்கலாம்.

ரங்கமன்னார் செல்வியை ஜன்னலருகே கூப்பிட்டார்.

"செல்வி, இனிமே குழிய மாத்தாத."

"மாத்தலேன்னா வாய் பிஞ்சுரும் ஐயா. புல்லு கருகிரும்."

"கருகட்டும். பழசா தெரியும்."

"இத்தன வருசமா மாத்திட்டுத்தானய்யா இருக்கோம்?"

"அது மெயின்டனன்ஸ். இது வரலாறு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

செல்வி குழப்பிக்கொள்ளவில்லை. இரும்புக் குழாயை மண் தட்டிக் கழுவிக் கொடுத்தாள். அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, கிளப் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் படுக்க வைத்து, பழங்காலக் கருவி என்று எழுதிப் பூட்டினார்கள். அதைப் பிடித்து வேலை செய்த கைக்கு என்ன வேலை என்று யாரும் எழுதவில்லை.

அந்தக் கைக்கு வேறொரு காகிதம் வந்தது, அதையும் நான்தான் அடித்தேன். ஆறாவது குழிக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்காகக் கிளப்பே கட்டிக் கொடுத்த ஏழு வீடுகள் உண்டு, பை தூக்குகிறவர்களைக் கேடி என்பதால் கேடி லைன் என்று பெயர்; செல்வி பிறந்ததும், அவள் அப்பாவும் அம்மாவும் செத்ததும், புருஷன் பந்தலூர் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியதும் அதில் மூன்றாம் வீட்டில்தான். பட்டா கிடையாது. துரைகள் வரைந்த முதல் படத்தில் அந்த வீடுகள் இல்லை என்பதால் அவை பாரம்பரியப் பார்வைக்கு இடையூறு என்றும், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் காகிதம் சொன்னது. துறையிலிருந்து வந்த இடைக்கால உத்தரவுப்படி, எந்தக் குழியைச் சுற்றியும் ஐம்பது கஜத்துக்குள் ஒரு செங்கல்லை ஏற்றவோ இறக்கவோ கூடாது. சர்வேயர் அளந்தார். ஆறாவது குழியிலிருந்து செல்வி வீடு எழுபத்திரண்டு கஜம்.

"இருபத்திரண்டு கஜம் தள்ளிப் பொறந்துட்டேன் டைப்பு சார்," என்றாள் செல்வி, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே.

குழாய் பெட்டிக்குள் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை ஆறாவது குழி நடந்தது.

காலையில் பார்த்தபோது கொடி இருந்த இடத்தில் இருந்தது, அடியில் குழி இல்லை, புல் மூடிக் கிடந்தது. குழி கேட்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில், உள்ளே வைத்த தகரக் கிண்ணத்தோடு, வாய் ஓரம் சற்றும் நொறுங்காமல் உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்த கேடிகள் சுற்றி நின்று பீடி பற்ற வைத்தார்கள். செல்வி வந்து குனிந்து பார்த்து, "திங்கக்கெழம இல்ல? போகத்தான செய்யும்," என்று சொல்லிவிட்டு, மறுநாள் தண்ணீருக்கு இடம் போடக் கொண்டுவந்த குடத்தைக் குழி மேல் வைத்துவிடாமல் தள்ளி வைத்தாள். ஊரில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மற்ற எட்டுக் குழிகளும் சொன்ன பேச்சைக் கேட்டு இருந்த இடத்திலேயே தேய்ந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் கேட்கவில்லை என்றால், ஒன்பது பிள்ளை பெற்ற வீட்டில் அதைப் பார்க்காதவர்கள் யார்?

ரங்கமன்னார் கொத்தனாரை விட்டுச் சிமென்ட் போட்டு அடைத்தார். மறுநாள் காலை சிமென்ட் உருளை மண்மேல் தனியாகக் கிடந்தது, குழி இரண்டடி தள்ளி இருந்தது. பழைய இடத்தில் கடப்பாரையால் புதுக்குழி தோண்டினார். அது சாயங்காலத்துக்குள் தானாகத் தூர்ந்துகொண்டது, ஆறாவது குழி ஒன்றுதான், அது வெளியே போயிருக்கிறது என்பது போல. கடைசியில் துரைகளின் தோல் அட்டை விதிப்புத்தகத்தைப் புரட்டியதில் பதினான்காம் விதி அகப்பட்டது: மழை, யானை அல்லது பிற காரணத்தால் குழி இடம் பெயர்ந்தால் அது இருக்கும் இடம்வரை ஆட வேண்டும், அந்த இடம் மைதானமாகவே கருதப்படும். அந்தப் புத்தகத்தையும் பாரம்பரியம் என்று விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தார்கள். ஒரு விதியை மீறினால் எல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே உறுப்பினர்கள் ஐந்தாவது குழியை முடித்துவிட்டு, வெள்ளைக் காலணிகளோடு கேட்டைத் தாண்டி, நூறு வருடத்தில் முதல் முறையாக ஊருக்குள் நடந்து வந்தார்கள்.

இரண்டாவது திங்கள் அது காசிம் பாய் டீக்கடைக்குள், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காகக் கடையை இடிக்கச் செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆட்கள் வந்தார்கள். இன்ஜினியர் குழியைப் பார்த்தார், ஐம்பது கஜ உத்தரவை நினைத்துப் பார்த்தார், டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் குழி போய்விட்டது. ஆனால் அந்த வருடத்துச் சாலைத் திட்டம் தவறியது, தவறியது தவறியதுதான், கடை இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஊருக்குக் குழியின் அருமை தெரிந்தது. இடிக்க நோட்டீஸ் வாங்கியவர்களெல்லாம் வாசலில் புல் பதித்துத் தண்ணீர் தெளித்தார்கள். சிலர் கொடி கூட நட்டு வைத்தார்கள். மாடி கட்ட நினைத்தவர்கள் திங்கட்கிழமை விடியுமுன் வாசலில் ஆள் போட்டு, தடியோடு காவல் இருந்தார்கள். நகராட்சித் தலைவர் கட்டிக்கொண்டிருந்த மூன்று மாடி லாட்ஜின் போர்ட்டிகோவில் அது ஒரு வாரம் தங்கியபோது, கொத்தனார்கள் மேலே உட்கார்ந்து சீட்டாடினார்கள். தலைவர் ஐயரைக் கூட்டிவந்து தேங்காய் உடைத்து, தயவுசெய்து எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்குப் போகும்படி குழியிடம் கைகூப்பி வேண்டிக்கொண்டார். அது தபால் நிலையத்துக்குப் போனது. அங்கே உறுப்பினர்கள் வரிசையில் நின்று, பார்சல் ஜன்னலுக்கு அடியில் பந்தை உருட்டினார்கள். ஸ்டாம்ப் வாங்க வந்தவர்கள், ஆடும்போது பேசக் கூடாது என்ற விதிப்படி, மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். முன்பு டீக்கடையில் இருந்தபோது யாரும் அப்படி நிற்கவில்லை. "சார், ரைட்ல சாய்வு இருக்கு, இந்தப் பெஞ்சுக்கே ஒரு கால் கட்டை," என்று காசிம் பாய் சொன்னதை நாற்பது வருடம் ஆடிய ஓர் உறுப்பினர் நம்பவில்லை; பந்து பாய்லருக்கு அடியில் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மனைவி காந்திமதி கோலமாவு டப்பாவோடு திரும்பியவள், நடையில் குழியைப் பார்த்து, "வாங்க," என்றாள். பூனை விழுந்துவிடாமல் முறத்தைக் கவிழ்த்து மூடினாள். வெள்ளைக் காலணிக்காரர்கள் வந்தபோது காலணியைக் கழற்றச் சொன்னாள். ஊரில் அதை முதலில் சொன்னது அவள்தான். "இதுக்கு ஏதும் ஊத்தணுமா, வெறும் வயிறா கெடக்கே?" என்று என்னிடம் கேட்டாள். ஏழு நாளில் பழகிவிட்டாள். அது போன அன்று, "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்று குறைப்பட்டாள். பிற்பாடு அவள் போனதும் ஒரு திங்கட்கிழமைதான், அவளும் சொல்லவில்லை.

இப்படி மூன்று மாதம் ஓடி, கெடு முடிய ஒரு நாள் இருந்தது. மைதானத்தைச் சோதிக்கத் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாரம்பரியத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தந்தி வந்திருந்தது. அதற்கு முன் ஏழு வீடுகளையும் தரைமட்டமாக்கிப் பார்வையைச் சுத்தம் செய்ய, ஏழு மணிக்கே புல்டோசர் வரச் சொல்லியிருந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் எங்கேயும் போகவில்லை, போக இடம் இருந்தால் முன்பே போயிருப்பார்கள். குழி அப்போது ரேஷன் கடையில், மண்ணெண்ணெய் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரங்கமன்னார் கண்ணாடிப் பெட்டியின் சாவியோடு லைனுக்கு வந்தார். என்னையும் கூட்டி வந்திருந்தார், எதற்கென்று தெரியவில்லை. ஒருவேளை அடிக்க ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்.

செல்வி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சாமான் எதையும் கட்டியிருக்கவில்லை.

"செல்வி, நாளைக்கு ஒரு நாள். குழாயத் தர்றேன். நீ போட்டா நிக்கும். ஆறாவத அதோட எடத்துல வெச்சுக் குடுத்துரு."

"அதோட எடம் எதுங்கய்யா?"

"வெளையாடாத. படத்துல இருக்கிற எடம்."

"வைக்கிறேன். வீடு?"

"அது வேற விஷயம்."

செல்வி முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி அவர் காலணி வரை பறந்தது. "அப்ப குழியும் வேற விஷயந்தான்யா."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். நான் ஒரு நிமிடம் நின்றேன். செல்வி என்னைப் பார்க்காமல், "பொறந்ததுலேருந்து வேற வீட்டுல படுத்ததில்ல டைப்பு சார். எங்கிட்டு தலவெச்சுப் படுக்கிறதுன்னுகூடத் தெரியாது," என்றாள். பிறகு அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் புல்டோசர் வந்தது. அதை ஓட்டி வந்த முத்துவீரன் உள்ளூர்க்காரன்; மூன்று மாதமாக ஊரில் எதை இடிக்கப் போனாலும் கேட்கிற கேள்வியை இங்கேயும் இறங்கி நின்று கேட்டான்.

"யக்கா, உள்ள ஏதும் வந்து உக்காந்திருக்கா?"

செல்வி அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்திருந்தாள். இருவரும் உள்ளே போனார்கள். சாணி மெழுகிய மண்தரையில், விறகடுப்புக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே, தகரக் கிண்ணத்தோடு அது உட்கார்ந்திருந்தது. குழாய் அப்போதும் கிளப் முகப்பில் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி ரங்கமன்னாரின் பையில். முத்துவீரன் வெளியே வந்து இன்ஜினை அணைத்தான். "டீ போடுவியா யக்கா?" என்று கேட்டுப் படியில் உட்கார்ந்தான். ஐம்பது கஜத்தில் ஏழு வீடும் அடங்கியது என்று அவன் கண்ணாலேயே அளந்து சொல்லிவிட்டான்.

பாரம்பரியத் துறை அம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வசுந்தரா என்று பெயர். ஒல்லியான அம்மா, கையில் அளவு நாடாவும் விண்ணப்பத்தின் நகலும் வைத்திருந்தார், சிரிக்கிற வழக்கம் இல்லை. ஐந்து குழிகளை வரிசையாகப் பார்த்து, தேய்ந்த வாயையும் கருகிய புல்லையும் குறித்துக்கொண்டு, ஆறாவது கொடிக்கு வந்தார். கொடி இருந்தது. அடியில் புல் இருந்தது.

"குழி?"

ரங்கமன்னார் வாழ்நாளில் புலியைப் பார்த்தவர்; அப்போது நின்றதை விட அசையாமல் நின்றார். குழி காணாமல் போய்விட்டது என்றால், இடம் மாறாத ஒன்பது குழிகள் என்று கையெழுத்துப் போட்டது பொய். குழி ஊர் சுற்றுகிறது என்றால், மற்ற எட்டும் என்ன செய்கின்றன என்ற கேள்வி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது எழுபத்திரண்டு கஜம் நடந்து, புல்டோசரைச் சுற்றிக்கொண்டு, மூன்றாம் வீட்டுக்குள் போனது.

"இங்கே இருக்கிறது, மேடம். உள்ளே."

வாசலில் செல்வி, "செருப்ப கழட்டிட்டு வாங்க," என்றாள். அந்த அம்மா கழற்றினார். ரங்கமன்னாரும் கழற்றினார், அவர் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. சமையலறையில் நான்கு பேர் நிற்க இடமில்லாததால் நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"இந்தக் குழி எப்போதிருந்து இங்கே இருக்கிறது?"

"தொடங்கிய நாள்முதல், மேடம்."

"ஒரு விரற்கடை கூட மாறாமல்?"

"மாறாமல்."

"அப்படியானால் இந்தச் சமையலறை?"

வெளியே புல்டோசரின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து கரைந்தது. ரங்கமன்னார் தொண்டையைச் செருமினார். "அதுவும் தொடங்கிய நாள்முதல்தான்."

"லைன் முழுக்கவா?"

"முழுக்கத்தான்."

"இந்த அம்மா?"

செல்வி அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டு, "நானுந்தான்னு எழுதிக்கங்க," என்றாள்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் இரண்டு மாதத்தில் வந்தது. ஆனைக்கோம்பை கோல்ஃப் மைதானம், ஒன்பது குழிகளும் ஏழு வீடுகளும் அடங்கியது, பாதுகாக்கப்பட்ட பாரம்பரியம். இனி அதை இடிப்பவருக்குச் சிறை. செல்வி அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, ஆணி அடிப்பதற்குத் துறையின் அனுமதி வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கூரை ஓட்டை அடைக்க அனுமதி வேண்டும். தரைக்குச் சிமென்ட் கூடாது. விறகடுப்பை மாற்றிக் காஸ் அடுப்பு வைக்கக் கூடாது, ஏனென்றால் துரைகள் காலத்தில் காஸ் இல்லை. சாக்கடை ஓடிய இடத்தில் சாக்கடை ஓட வேண்டும். மழை பெய்தால் ஏழு வீட்டிலும் பாரம்பரியமாக ஒழுகியது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே, ஜீப் மலை இறங்கிய பிறகு, செல்வி கிளப்புக்கு வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"குழாயக் குடுங்கய்யா."

"எதுக்கு?"

"அடுத்த திங்கள் வரும்ல. அது கெளம்பிருச்சுன்னா என் வீடு போயிரும். உங்க காயிதமும் போயிரும்."

ரங்கமன்னார் யோசித்தார். அவரும் செல்வியும் ஒரே விஷயத்துக்குப் பயந்தது அதுதான் முதல் தடவை. சாவியை எடுத்துக் கொடுத்தார். காலியான வெல்வெட் துணி உறுத்தியதால், குளியலறையில் மிச்சமிருந்த தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை அதில் படுக்க வைத்துப் பூட்டினார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இன்றுவரை இல்லை.

அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் காலையில், அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால், செல்வி சமையலறைத் தரையில் குழாயைத் திருகி இறக்கி, அடுப்போரம் இருந்த குழியை அம்மிப் பக்கமும், அம்மிப் பக்கமிருந்து பானைப் பக்கமும், பானைப் பக்கமிருந்து மறுபடி அடுப்போரமும் மாற்றி, பழைய வாயில் மண் உருளையை இட்டு மிதித்து, சாணி மெழுகினாள். கையால் மாற்றிய குழி காலால் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர்கள் வெறுங்காலோடு வந்து, அவள் குழம்பு தாளித்து முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து ஆடிவிட்டு, ஏழாவது குழிக்குப் போனார்கள். மாதம் ஒரு முறை, இடத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று துறைக்கு நான் ஓர் அறிக்கை அடித்தேன்.

மறு வருடம் வசுந்தரா அம்மா சோதனைக்கு வந்தார். சமையலறையில் குழி இருந்தது. அதைச் சுற்றித் தரையெல்லாம், தோசை வார்த்து வைத்தது போல, ஒரே அளவில் ஐம்பது வட்டத் தடங்கள், சில பழசும் சில ஈரமுமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. வீட்டுத்தரை மைதானத்துப் புல் மாதிரி வளர்ந்து மறைக்காதே. அந்த அம்மா குனிந்து, விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றித் தடவினார். ரங்கமன்னார் பக்கத்துத் தடம் ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"இதெல்லாம் என்ன?"

செல்வி மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிராமல் தடங்களைக் காட்டிச் சொன்னாள், "அதெல்லாம் மெயின்டனன்ஸ்ம்மா." பிறகு குழியைக் காட்டினாள். "இது வரலாறு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். சென்னையிலிருந்து அது அச்சாகி வந்தபோது, பாரம்பரியம் உள்ள எல்லா ஊர்களுக்குமான பொது விதியாக இருந்தது. சுற்றுக்கு விட ஒன்பது பிரதி அடித்தேன்.